ஐந்தாவது ஆள்

ஜூன் 18

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. நேற்று மாமா எடுத்தார். "உன் அக்கா துணி துவைக்கிறா" என்று சொல்லி வைத்துவிட்டார். முன்பெல்லாம் "சொல்லு மச்சான்" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெரிய கல்லூரி அக்கா இது. மைதானத்தை ஒரு சுற்று நடந்து வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. மழை நாளில் ஓடுவதற்குக் கூரை போட்ட தடம் தனியாக இருக்கிறது. பிசியோக்கள் மட்டும் மூன்று பேர். நம் கல்லூரியில் யாருக்காவது கால் வீங்கினால் நீ கேன்டீன்காரரிடம் கெஞ்சி வாளியில் ஐஸ் தூக்கிக்கொண்டு வருவாயே, இங்கே அதற்கென்று ஓர் இயந்திரம் நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்சி துவைக்க ஒரு தனிக் கட்டடமே இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டும்போது சோப்பு வாசனை வந்தது. கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனேன்.

நீ நினைப்பது போல நம் ஓட்டக்காரி நெட்டையை நான் கடத்திக்கொண்டு வரவில்லை. இங்குள்ள தலைமைப் பயிற்சியாளரை எல்லாரும் பெரிய கோச் என்றுதான் சொல்கிறார்கள். அவர் இரண்டு வருடமாக அவள் ஓடுவதைக் கவனித்து வந்தவர். அவ்வளவு தூரம் ஓடக்கூடிய பெண்ணை நம் கல்லூரியின் குண்டும் குழியுமான மைதானத்தில் வைத்துக்கொண்டிருப்பது நியாயமா? அவளோடு என்னையும் சேர்த்து அழைத்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஏழு வருடமாக நம் விசில் சாரின் விளையாட்டுத் துறையில் நான் தற்காலிக உதவிப் பயிற்சியாளர். ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருஷம் நிரந்தரம்" என்பார். கல்யாணப் பேச்சு எடுத்த இடத்திலெல்லாம் அந்தத் 'தற்காலிக' என்ற வார்த்தை வந்ததும் பேச்சு நின்றுபோனது உனக்குத் தெரியாததா?

முன்கூட்டியே உன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் உன் கோபம் என்றால், சொல்லியிருந்தால் நீ போக விட்டிருக்க மாட்டாய். அவ்வளவுதான் காரணம்.

நெட்டை நன்றாக இருக்கிறாள். உன்னை விசாரித்தாள். ஒரு வரியாவது எழுது.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

கிழிக்கலை. என்னடா கடிதம் இது, பரீட்சை எழுதுற மாதிரி? நீயும் நானும் என்னைக்கு இப்படிப் பேசியிருக்கோம்?

மாமா சொன்னது பொய்யில்ல. நிஜமாவே துணிதான் துவைச்சுக்கிட்டிருந்தேன். காலேஜ் வாஷிங் மெஷின் மொத்தமா நின்னு போச்சு. ஜெர்சி, சாக்ஸ், துண்டு எல்லாத்தையும் மூட்டை கட்டி வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து கையில துவைக்கிறேன். மாமா காலேஜ் பஸ்ஸை ஷெட்டுல விட்டுட்டு வந்து பிழிஞ்சு குடுக்கிறார். ஸ்டியரிங் பிடிச்ச கை, நல்லாவே பிழியுது. உன் பேச்சை மட்டும் எடுக்க மாட்டேங்கிறார்.

நீ போன மறுநாள் விசில் என்னைக் கூப்பிட்டார். கழுத்துல எப்பவும் தொங்குற விசிலைக் கழட்டி மேஜை மேல வச்சிருந்தார். "உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"ன்னு கேட்டார். தெரியாது சார்ன்னேன். நம்பல. உன் வேலைக்காக அதே ரூம் வாசல்ல தவம் கிடந்தவ நான்தான். நம்பாம இருக்க அவருக்கு நியாயம் இருக்கு.

நெடுந்தூர ஓட்டத்துல ஒரு காலேஜை அணின்னு கணக்குல சேக்கணும்னா அஞ்சு பேர் ஓடி முடிக்கணும். இதை நான் உனக்குச் சொல்லித் தரணுமா? இப்ப இருக்கிறது நாலு பேர். ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டு பேர், கண்ணாடி போட்டவ, அப்புறம் எதுக்கெடுத்தாலும் சிரிப்பாளே அவ. இப்ப சிரிக்கிறதில்ல. ஸ்டோர் ரூம்ல வந்து ஷூவுக்கு லேஸ் கேட்டு வாங்கிட்டுப் போயிடுறா. அணி இல்லேன்னா விளையாட்டுத் துறையையே மூடிடலாம்னு நிர்வாகத்துல பேச்சு ஓடுதாம்.

நீ போனதுக்கு நான் கோவப்படல. போயிட்டு வாடான்னுதான் நானே சொல்லியிருப்பேன். என்னைப் பத்தி நீ அவ்வளவுதான் புரிஞ்சு வச்சிருக்கே. கோவம் வேற. போன மாசம் நெட்டையோட அம்மா ஸ்டோர் ரூமுக்கு வந்தாங்க. ரொட்டிக் கடையில இருந்து நேரா வந்திருப்பாங்க போல, கையில மாவு ஒட்டியிருந்துச்சு. "உங்க தம்பி வீட்டுக்கு வந்து பேசினார். உங்க அக்காவுக்கு இதுல சம்மதமான்னு கேட்டேன். அக்காதான் அனுப்பச் சொன்னாங்கன்னார். அதான் அனுப்பிட்டேன்"னாங்க.

நான் என்ன சொல்ல? இல்லைங்கம்மா, என் தம்பி பொய் சொன்னான்னா? ஆமான்னு தலையாட்டிட்டேன். நீ சொன்ன பொய்யை நான் நிஜமாக்கி அந்த அம்மாவை அனுப்பி வச்சேன். அவளை முத முதல்ல காலேஜ்ல கொண்டாந்து விட்டப்ப அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்க பாத்துக்கோங்கன்னு சொன்னவங்க. இனி அவளுக்கு ஒண்ணுன்னா பதில் சொல்ல வேண்டியது நான். அதை ஞாபகம் வச்சுக்கோ.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்கா,

அந்த அம்மாவிடம் நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அதுவரை பிடி கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தவர், உன் பேரைச் சொன்னதும் முகம் தெளிந்தார். அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. கல்லூரி முழுக்க உன்னை அக்கா என்கிறது. அந்தப் பேருக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இங்கே உதவிப் பயிற்சியாளர்கள் ஆறு பேர். ஆளுக்கொரு வேலை. என் வேலை அடையாளக் கூம்புகளை வைப்பது, எடுப்பது, தண்ணீர் கேன், ஸ்டாப் வாட்ச். நெட்டையின் பயிற்சித் திட்டத்தை இன்னொருவர் பார்க்கிறார். அவளோடு ஓட்டத்தைப் பற்றி நான் பேசுவது அவருக்குப் பிடிக்காது என்பதால் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தால் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். அவளுக்கு இங்கே ரொட்டி பிடிக்கவில்லையாம். அவள் அம்மா சுடுவது போல இல்லையாம்.

ஒரு விஷயம். நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இடது கணுக்காலுக்கு மேலே, முன் எலும்பில் வலி. அங்கே ஓடியதைவிட இரண்டு மடங்கு தூரம் இங்கே ஓடுகிறாள். பிசியோ அழுத்திப் பார்த்துவிட்டு, சில வாரம் ஓடக் கூடாது என்றார். பெரிய கோச் சிரித்தார். "கால் வலிக்கக் கூடாதுன்னா சீட்டாடப் போகணும்" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். அவளும்கூடச் சிரித்தாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, தண்ணீர் கேன் காலியாக இருக்கிறது என்றார். நிரப்பிக்கொண்டு வரும்போது அவள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


அக்டோபர் 14

தம்பிக்கு,

நான் பார்த்துக்கொள்கிறேன்னு எழுதியிருக்கே. எப்படிப் பாத்துக்குவேன்னு எழுதலையே. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், பின்பக்கத்துல ஏதாவது இருக்கான்னு.

இங்க நடந்ததைச் சொல்றேன். அஞ்சாவது ஆள் தேடி விசில் காலேஜ் முழுக்க அலைஞ்சார். பேட்மிண்டன் ஆடுறவளுக்கு முட்டி வலி. இன்னொருத்தி வீட்டுல விட மாட்டாங்களாம். கடைசியில செஸ் ஆடுற பொண்ணு ஒருத்தி மாட்டினா. கொஞ்சம் குண்டு. மாடிப்படி ஏறினாலே ரயில் எஞ்சின் மாதிரி மூச்சு விடுவா. "சார், நான் நடந்தே போனா ஒத்துக்குவாங்களா?"ன்னு கேட்டா. நடக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலைன்னார் விசில். நெட்டையோட ஜெர்சிதான் மிச்சமிருந்துச்சு. இடுப்புல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கீழ தொடை வரைக்கும் தொங்குச்சு. அதைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு, "இதுல பாதி நான், பாதி நெட்டை அக்கா"ன்னா. ஸ்டோர் ரூம்ல எல்லாரும் சிரிச்சோம். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

போட்டிக்கு மாமாதான் பஸ் ஓட்டினார். வழக்கம்போல முதலுதவிப் பெட்டி, குடிதண்ணி, வாழைப்பழம், ஊக்கு டப்பா எல்லாம் நான் ஏத்தினேன். முந்தின நாள் மழை. பாதையெல்லாம் சேறு. நம்ம நாலு பேரும் நல்லா ஓடினாங்கடா. சிரிக்கிறவ முன்னாடி வந்த கூட்டத்துலயே இருந்தா. நாலு பேரும் முடிச்சாச்சு. செஸ் பொண்ணைக் காணோம். மத்த காலேஜ் பொண்ணுங்க குளிச்சு, தலை துவட்டி, பஸ் ஏறிட்டாங்க. ஒருத்தர் வந்து பாதையோரத்துக் கொடியைப் பிடுங்க ஆரம்பிச்சார். மாமா ஓடிப்போய் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டார். "இன்னும் ஒரு ஆள் வருது, பிடுங்காதீங்க"ன்னு. அந்த ஆளு, யாரும் வரலையே, இருந்தா இந்நேரம் வந்திருக்கணுமேங்கிறார். மாமா கையை விடல. சண்டை போடுறாரா கெஞ்சுறாரான்னே தெரியல, ரெண்டும் கலந்து இருந்துச்சு.

அப்புறம் வந்தா. முகமெல்லாம் சேறு. ஓட்டமும் இல்ல, நடையும் இல்ல. ரெட்டைப் பிள்ளைங்க கயித்துக்கு வெளிய அவ கூடவே ஓடி வந்தாங்க. தொடக் கூடாதுன்னு விசில் கத்திக்கிட்டே பின்னாடி ஓடி வந்தார். கோட்டைத் தாண்டினா, நேரா வந்து என் மேலேயே வாந்தி எடுத்தா. நம்ம அணிக்குக் கடைசி இடம். ஆனா அணி. மைக்குல நம்ம காலேஜ் பேரை வாசிச்சாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ல விசில் சின்னப் பையன் மாதிரி விசிலை ஊதிக்கிட்டே வந்தார். மாமா காது வலிக்குதுன்னு திட்டினார், ஆனா சிரிச்சுக்கிட்டேதான்.

திங்கட்கிழமை நிர்வாகத்துல இருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனார். துறையை இந்த வருஷத்தோட மூடுறாங்க. மைதானத்துல புதுக் கட்டடம் வருது. இதைப் போன மே மாசமே முடிவு பண்ணிட்டாங்களாம். நீ போறதுக்கு முன்னாடியே. விசிலுக்கும் இப்பத்தான் தெரியும். அஞ்சு பேர் ஓடினாலும் அம்பது பேர் ஓடினாலும் இதுதான் நடந்திருக்கும்.

அப்ப உன்னால இல்ல. சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிட்டேன். இத்தனை நாளா உன்னைத் திட்டிக்கிட்டேதான் துணி பிழிஞ்சேன். இப்ப யாரைத் திட்டிப் பிழியறதுன்னு தெரியல. கை ஓய்ஞ்சு போகுது.

செஸ் பொண்ணு நேத்து வந்து, "அடுத்த போட்டி எப்ப அக்கா?"ன்னு கேட்டா. காலையில எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சிருக்காளாம். விசில் சார்கிட்ட கேளுன்னு அனுப்பினேன். அவர் ரூமை உள்ள தாப்பாள் போட்டுக்கிட்டு இருக்கார்.

நெட்டை வீட்டுக்குப் போன் பண்றதில்லைன்னு அவ அம்மா சொன்னாங்க. அவ கால் எப்படி இருக்கு? பரவாயில்லைன்னு எழுதாதே. உள்ளதை எழுது.

அக்கா


நவம்பர் 11

அன்புள்ள அக்கா,

மண்டலப் போட்டியில் நெட்டை விழுந்துவிட்டாள். இடது கால் எலும்பு முறிந்திருக்கிறது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. நன்றாகப் பேசுகிறாள்.

கடைசிச் சுற்றில், இறக்கத்தில் நடந்தது. தரை ஈரமாக இருந்ததால் வழுக்கியிருக்கலாம். இது ஒரு விபத்து. ஓடுகிற யாருக்கும் நடக்கக்கூடியது. அன்றைக்கு ஓடுவதென்பது அவளே எடுத்த முடிவு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவள் முடிக்காவிட்டாலும் மற்றவர்கள் நன்றாக ஓடியதால் அணி இரண்டாம் இடம் வந்தது. இதை அவளிடம் சொன்னபோது தலையாட்டினாள்.

துறை மூடப்படுவதைப் படித்து வருத்தமாக இருந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அவள் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் பதறிவிடுவார். நீ சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

தம்பி


டிசம்பர் 7

தம்பிக்கு,

சொல்லிட்டேன். ரொட்டிக் கடை அடுப்பு முன்னாடி நின்னு சொன்னேன். கேட்டுட்டு, வெந்துக்கிட்டிருந்த ரொட்டியை எடுத்து வெளிய வச்சாங்க. கருகாம எடுத்தாங்க. அப்புறம்தான் உக்காந்தாங்க.

மாமா லீவு போட்டு அந்த அம்மாவோட ரயில்ல போய் அவளைக் கூட்டிட்டு வந்தார். நீ ஏதோ போட்டிக்கு வெளியூர் போயிருக்கேன்னு சொன்னாங்களாம். ஹாஸ்டல்ல அவ கட்டில் வேற ஓட்டக்காரிக்கு வேணுமாம், அதனால பெட்டியைக் கீழ வராந்தாவுல இறக்கி வச்சிருந்தாங்களாம். மாமா உன்னைப் பத்தி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை சொல்லலை. பெட்டி ரொம்ப கனமில்லைன்னு மட்டும் சொன்னார்.

நான் போய்ப் பாத்தேன். கட்டில்ல கால் நீட்டிப் படுத்திருந்தா. அந்த வீட்டுக் கட்டில் அவ உயரத்துக்குப் பத்தாது, அதனால கட்டு போட்ட காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தாங்க. நான் எதுவும் கேக்கல. அவளாவே சொன்னா. அன்னைக்கு மழையே இல்லையாம். தரை காய்ஞ்சு கல்லு மாதிரி இருந்துச்சாம். ஓட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, எல்லாரும் கோட்டுக்குப் போறப்ப, அவ உன்கிட்ட வந்தாளாம். "சார், ஓடட்டுமா?"ன்னு கேட்டாளாம். நீ வாட்சைப் பாத்துக்கிட்டே, "உன் இஷ்டம்"னு சொன்னியாம்.

"வேணாம்னு சொல்லுவாருன்னுதான் கேட்டேன் அக்கா. சொல்லியிருந்தா நின்னிருப்பேன். பெரிய கோச் என்ன கத்தினாலும் நின்னிருப்பேன். என்னைக் கூட்டிட்டுப் போனவரு அவர்தானே."

இவ்வளவுதான் சொன்னா. நான் அவ தலையைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன். கிளம்புறப்ப அவ அம்மா வாசல் வரைக்கும் வந்து, "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் இருக்கோம்"னாங்க. ரொட்டி கட்டிக் குடுத்தாங்க. திட்டியிருந்தா நிம்மதியா வீட்டுக்கு வந்திருப்பேன்.

அவளுக்குப் பழைய இடத்தைத் திருப்பிக் குடுங்கன்னு விசில்கிட்ட போய்க் கேட்டேன். அவர் ரூமைக் காலி பண்ணிக்கிட்டிருந்தார். கோப்பையெல்லாம் பழைய துண்டுல சுத்தி அட்டைப் பெட்டியில அடுக்கிக்கிட்டிருந்தார். விளையாட்டுல சேந்த இடம், விளையாட்டே இல்லாதப்ப எப்படிக் குடுக்கிறதுன்னு கேட்டார். அவர் தப்பில்ல. அவருக்கும் எங்க போறதுன்னு தெரியல. நானும் ஒரு பக்கம் உக்காந்து கோப்பையைச் சுத்திக் குடுத்துட்டு வந்தேன்.

எனக்கு இந்த மாசத்தோட வேலை முடியுது. ஆஸ்பத்திரி சலவையில ஆள் எடுக்கிறாங்க, சொல்லி வச்சிருக்கேன். மாமா பஸ் இருக்கும். வாத்தியாருங்களை ஏத்தி இறக்கணுமே.

உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். விபத்துன்னு இனிமே எனக்கு எழுதாதே.

அக்கா


ஜனவரி 22

அக்கா,

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. ரெண்டு மூணு தாளைக் கசக்கிப் போட்டாச்சு. பரீட்சை எழுதுற மாதிரி எழுத இப்ப வரல.

நேத்து பெரிய கோச் கூப்பிட்டார். அடுத்த வருஷத்துக்கு நான் வேணாமாம். கோவமா சொல்லலை. டீ குடுத்துத்தான் சொன்னார். "அந்தப் பொண்ணு உங்க கூடன்னாத்தான் வரும்னு அவங்க அம்மா சொன்னாங்க. அதான் உங்களை எடுத்தோம். இப்ப அந்தப் பொண்ணே இல்லையே"ன்னார். நான் தலையாட்டினேன். டீயையும் குடிச்சு முடிச்சேன். வெளிய வந்து, போட்டிருந்த கூம்பையெல்லாம் எடுத்து அடுக்கினேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல.

நான் நல்லா பயிற்சி குடுப்பேன்னு நினைச்சுத்தான் கூப்பிட்டாங்கன்னு நம்பிக்கிட்டிருந்தேன் அக்கா. உண்மையாவே நம்பினேன். அவ கூட வந்த பெட்டி மாதிரிதான் நானும் வந்திருக்கேன்.

நீ எழுதினது சரி. அவ கேட்டா. அப்ப பெரிய கோச் எனக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தார். வேணாம்னு சொன்னா வேலை போயிடும்னு நினைச்சேன். இவ்வளவுதான், இதுக்கு மேல பெருசா எதுவும் இல்ல. சொல்லாமலே இப்ப அதுவும் போயிடுச்சு.

மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணணும். கூட இருக்கிற பையன் நல்லவன், சாமானை அவன்கிட்ட கொஞ்ச நாள் போட்டு வைக்கலாம்னான். எங்க போறதுன்னு முடிவு பண்ணல. நாலு இடத்துல கேட்டிருக்கேன். யாரும் பதில் போடல. அங்க வரலாமான்னு நினைச்சேன். ஊருக்கு வந்தா அவளைப் பாக்கணும். பாத்தா என்ன சொல்றது? அவ அம்மா முகத்தை எப்படிப் பாக்கிறது? நீ சொல்லு. நீ என்ன சொல்றியோ அதைச் செய்றேன்.

மாமாகிட்ட, பெட்டி தூக்கினதுக்கு

(இதை எப்படி முடிக்கிறதுன்னு தெரியல. விட்டுடறேன்.)

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

இது உன் கைக்குக் கிடைக்குமான்னு தெரியல. காலி பண்றேன்னு எழுதியிருந்தே. வேற விலாசம் என்கிட்ட இல்ல. அந்தக் கூட இருக்கிற பையன் நல்லவன்னா உனக்கு அனுப்பி வைப்பான்.

உன் கடிதம் வந்த அன்னைக்கே பதில் எழுதியிருக்கணும். சலவையில சேந்த புதுசு. தண்ணியிலயும் சூட்டுலயும் கை ரெண்டும் வெந்து போய்க் கிடந்துச்சு, பேனா பிடிக்க முடியல. அது ஒரு காரணம். உனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம தள்ளிப் போட்டது இன்னொரு காரணம். வான்னு எழுதவும் மனசு வரல. வராதேன்னு எழுதவும் மனசு வரல. நீ என் பதிலுக்குக் காத்துக்கிட்டிருப்பேன்னு தெரிஞ்சும்தான் தள்ளிப் போட்டேன்.

மைதானத்தைத் தோண்டிட்டாங்க. நீ சுண்ணாம்புக் கோடு போடுவியே, அந்த ஓரத்துல இப்ப தண்ணி நிக்குது. விசில் எங்கேயோ சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாராம். செஸ் பொண்ணு மட்டும் இன்னும் காலையில காலேஜைச் சுத்தி நடக்கிறா, பள்ளத்தைச் சுத்திச் சுத்தி. மாமா பஸ் எடுக்கப் போறப்ப பாக்கிறாராம். கை காட்டுவாளாம்.

நெட்டைக்குக் கட்டு பிரிச்சாச்சு. எலும்பு நல்லா கூடியிருக்கு, இன்னும் சில மாசத்துல மெதுவா ஓட ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொன்னார். அப்ப நானும் கூட இருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கல. வெளிய வந்ததும், வேற காலேஜ் ஏதாவது பாப்போம், நான் அலையுறேன்னு ஆரம்பிச்சேன். அவ கேட்டுக்கிட்டே நடந்து வந்தா. அப்புறம் சொன்னா, "எனக்கு ஓடணும்னு தோணல அக்கா. வலிக்கும்னு பயமில்ல. காலையில முழிச்சா முன்ன மாதிரி தோண மாட்டேங்குது." நான் என்னென்னமோ சொன்னேன். போகப் போகத் தோணும்னேன். அவ என்னைச் சமாதானப்படுத்துற மாதிரி, "தோணினா சொல்றேன்"னா. இப்ப ரொட்டிக் கடையில கல்லாவுல உக்காருறா. உயரமான பொண்ணு, மேல் தட்டுல இருக்கிறதை எட்டி எடுக்க இப்ப கடைக்காரருக்கு ஏணி வேண்டாம்.

நான் எழுத உக்காந்தது இதுக்கில்ல.

போன ஞாயித்துக்கிழமை நீ வந்திருந்தியாமே. ரொட்டிக் கடைக்கு எதிர்ல, மூடியிருந்த தையல் கடை ஷட்டர் ஓரமா நின்னியாம். கையில ஒரு பை இருந்துச்சாம். நீ இளைச்சுப் போயிருக்கேன்னு நெட்டை சொன்னா. அவ அம்மா உள்ள அடுப்புக்கிட்ட இருந்தாங்க, பாக்கல. இவதான் பாத்திருக்கா. கூப்பிடலாமான்னு நினைச்சிருக்கா. கூப்பிட்டா நீ பயந்து போயிடுவேன்னு விட்டுட்டாளாம்.

"அவராவே வருவாருன்னு நினைச்சேன் அக்கா. வந்தா உக்காரணுமேன்னு ஒரு நாற்காலியைத் துடைச்சு முன்னாடி போட்டேன். நடுவுல ஒரு பஸ் வந்து நின்னுச்சு. பஸ் போனப்புறம் பாத்தா அங்க அவர் இல்ல."

அவ அழுதுக்கிட்டுச் சொல்லலை. கோவமாவும் சொல்லலை. நாற்காலியைத் திரும்ப உள்ள எடுத்து வச்சுட்டு, காத்துக்கிட்டிருந்தவங்களுக்கு ரொட்டி குடுத்தாளாம்.

எங்க வீட்டுக்கும் நீ வரலை. அன்னைக்கு எனக்கும் வேலை இல்ல, மாமாவுக்கும் பஸ் இல்ல. நாள் முழுக்க ரெண்டு பேரும் வீட்டுலதான் இருந்தோம்.

அக்கா